இலஞ்சிப் பள்ளியிலிருந்து எழுந்த எண்ணறிவு

(இலஞ்சியில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



இலஞ்சி என்றதும் குமரன் கோயில் நினைவுக்கு வரும். குற்றாலம் என்றதும் அருவியும் குறவஞ்சியும் நினைவுக்கு வரும். சங்கரன்கோயில் என்றதும் 1902ஆம் ஆண்டில் அவ்வூரிற் பிறந்த மொழிஞாயிறு பாவாணர் நினைவுக்கு வருவார். ஆனால், இவ்விலஞ்சிப் பள்ளியில் படித்து, உலகக் கணக்கியல் அறிஞர்கள் வியந்து நோக்கும் உயரத்திற்கு ஏறி, கடல் கடந்து ஓராண்டு ஆய்வுக்கெனப் புறப்பட்டு, போய்ச் சேராமலே மறைந்த தமிழர் ஒருவரை இவ்வூர்த் தெருக்களில் எத்தனைப் பேர் அறிவர்? அவர் பெயர் சுப்பையா சிவசங்கரநாராயணப் பிள்ளை. உலகக் கணக்கியல் நூல்களில் அவர் பெயர் 'பிள்ளை' என்ற அளவிலேயே நிற்கிறது. பிள்ளை கருதுகோள், பிள்ளை பகா எண்கள் என்று அயல்நாட்டு மாணவர்கள் படிக்கிறார்கள். வல்லத்திலும் இலஞ்சியிலும் செங்கோட்டையிலும் உள்ள மாணவர்கள் படிப்பதில்லை. இந்த இழிவைப் போக்குவது எப்படி என்பதே இன்றைய பொழிவின் பொருள்.

குற்றாலத்தை அடுத்த வல்லம் என்னும் ஊரில் 1901ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆம் நாள் அவர் பிறந்தார். பிறந்து ஓராண்டு ஆவதற்குள் தாயை இழந்தார். தந்தையாரும் உறவின் முதிய அம்மையார் ஒருவரும் அவரை வளர்த்தனர். செங்கோட்டையில் நடுநிலைப் பள்ளிப் படிப்பு. பின்னர் இலஞ்சியில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பு. பள்ளி இறுதியை எட்டும் வேளையில் தந்தையாரும் மறைந்தார். தாயும் இல்லை, தந்தையும் இல்லை, கையில் பொருளும் இல்லை. அத்தகைய நிலையில் எத்தனையோ பிள்ளைகளின் படிப்பு நின்றுபோயிருக்கிறது. அவர் படிப்பு நிற்கவில்லை. அவருடைய கூர்த்த அறிவை முன்பே கண்டுகொண்ட ஆசிரியர் ஒருவர் கைகொடுத்தார். அந்த ஒரு கை நீண்டிராவிட்டால், உலக எண்ணியல் வரலாற்றில் ஒரு தமிழ்ப் பெயர் இல்லாமற் போயிருக்கும். ஆசிரியப் பெருமக்கள் இதை நெஞ்சிற் பதித்துக்கொள்ள வேண்டும். வகுப்பறையின் கடைசி விசிப்பலகையில், கிழிந்த சட்டையோடு அமர்ந்திருக்கும் பிள்ளையிடம் என்ன இருக்கிறது என்பதைக் காணும் கண், எந்தப் பயிற்சிக் கல்லூரியும் தந்துவிட முடியாத கண்.

பின்னர் நாகர்கோயில் இசுகாட்டுக் கிறித்தவக் கல்லூரியில் இடைநிலை வகுப்பும், திருவனந்தபுரம் அரசர் கல்லூரியில் இளங்கலை வகுப்பும் உதவித்தொகை பெற்றுப் படித்தார். அந்நாளில் செங்கோட்டையும் நாகர்கோயிலும் திருவிதாங்கூர் அரசில் இருந்தன. தமிழ் பேசும் அந்நிலங்களைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்க மக்கள் போராடிப் பெற்றது 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாளன்று. அதைக் காண அவர் உயிரோடு இல்லை.

1927ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. பேராசிரியர் ஆனந்தராவ், பேராசிரியர் வைத்தியநாதசாமி ஆகியோரிடம் ஆய்வு பயின்றார். 1929ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அவ்வாண்டிலேயே அங்கு விரிவுரையாளராகச் சேர்ந்து 1941 வரை பணியாற்றினார். சென்னைப் பல்கலைக்கழகம் கணக்கியலில் வழங்கிய முதல் அறிவியற் பேரறிஞர்ப் பட்டம் அவருக்கே கிடைத்தது. பிறகு திருவனந்தபுரத்தில் ஓராண்டு. அதன்பின் 1942 முதல் கல்கத்தாப் பல்கலைக்கழகம்.

அன்பர்களே! இங்கே ஒன்றை உன்னிப்பாக நோக்க வேண்டும். அவர் புகழுக்குக் கரணியமான பெரும்பணி எங்கே நடந்தது? இலண்டனிலா? பாரிசிலா? இல்லை. தில்லைக்கு அருகே, அண்ணாமலைநகரில் நடந்தது. அந்நாளில் வெளிநாட்டு இதழ்கள் கப்பலில் வந்து சேரப் பல வாரங்கள் ஆகும். தாளும் எழுதுகோலும் விடாத உழைப்பும் மட்டுமே துணை. அந்த நிலையில் அவர் எதை எடுத்துக்கொண்டார் என்பதை, கணக்கு என்றாலே அஞ்சும் பிள்ளைகளும் விளங்கிக்கொள்ளும் வகையில் இங்கே சொல்ல வேண்டும்.

ஓர் எண்ணை அதே எண்ணால் ஒருமுறை பெருக்கினால் வருவது இருபடி. 1, 4, 9, 16 என்பன இருபடிகள். எந்த முழுவெண்ணையும் நான்கு இருபடிகளுக்கு மிகாமல் கூட்டி எழுதிவிடலாம். 7 என்னும் எண்ணைப் பாருங்கள்: 4, 1, 1, 1 என நான்கு இருபடிகள் வேண்டும்; மூன்றால் முடியாது. அடுத்து முப்படி: 1, 8, 27 என்பன. 23 என்னும் எண்ணை எழுத இரண்டு எட்டும் ஏழு ஒன்றும் வேண்டும். ஆக ஒன்பது முப்படிகள். நாற்படியில் 79 என்னும் எண்ணுக்கு நான்கு பதினாறும் பதினைந்து ஒன்றும், ஆக 19 நாற்படிகள் வேண்டும். இப்படி ஒவ்வொரு படிக்கும் ஓர் எல்லையெண் உண்டு, அதற்கு மேல் ஒருபோதும் தேவைப்படாது என்று 1770ஆம் ஆண்டில் எட்வர்டு வேரிங் என்னும் ஆங்கிலேயர் எழுதி வைத்தார். எழுதினாரே தவிர நிறுவவில்லை. அத்தகைய எல்லை உண்டு என்பதை 1909ஆம் ஆண்டில் இல்பர்ட்டு என்னும் செருமானிய அறிஞர் நிறுவினார். ஆனால் அந்த எல்லை எவ்வளவு என்பது தெரியாமலே இருந்தது.

அந்த அளவைக் காட்டும் வாய்பாட்டை நிறுவியவர்களுள் ஒருவர் நம் வல்லத்துச் சிவசங்கரநாராயணர். அமெரிக்காவின் தலைசிறந்த எண்ணியலாராகிய திக்சன் என்பாரும் அவரும், ஒருவரையொருவர் சாராமல், 1936ஆம் ஆண்டையொட்டி ஏழாம் படிக்கும் அதற்கு மேற்பட்ட படிகளுக்கும் உரிய விடையை, ஒரு வரையறைக்கு உட்பட்டு, நிலைநாட்டினர். ஒருவருக்குச் செல்வச் செழிப்புள்ள சிக்காகோ பல்கலைக்கழகம். மற்றவருக்கு அண்ணாமலைநகரத்து ஓர் அறை. வந்து நின்ற இடமோ ஒன்று.

ஆறாம் படியும் எஞ்சி நின்றது. அது 73 என்று 1940ஆம் ஆண்டில் சிவசங்கரநாராயணரே நிறுவினார். பிள்ளைகள் வீட்டில் போட்டுப் பார்க்கலாம். 2இன் ஆறாம் படி 64. 3இன் ஆறாம் படி 729. இப்போது 703 என்னும் எண்ணை எடுங்கள். 729 அதில் அடங்காது. எனவே 64ஐயும் 1ஐயும் கொண்டே எழுத வேண்டும். பத்து 64 சேர்ந்தால் 640. எஞ்சும் 63க்கு 63 ஒன்றுகள். பத்தும் அறுபத்து மூன்றும் 73. இதைவிட மிகுதியாக எந்த எண்ணுக்கும் தேவைப்படாது என்று நிறுவுவதுதான் கடினம். அதைத்தான் அவர் செய்தார். ஐந்தாம் படிக்கு 37 என்று சீன அறிஞர் சென் 1964இல் நிறுவினார். நான்காம் படிக்கு 19 என்னும் நிறுவல் 1986ஆம் ஆண்டில்தான் முடிந்தது. அதை முடித்த மூவருள் ஒருவரும் தமிழரே, பேராசிரியர் இரா. பாலசுப்பிரமணியன். ஒரு தமிழர் விட்ட இடத்தில் மற்றொரு தமிழர் தொட்டார் என்பது நெஞ்சம் நிமிரத்தக்க செய்தி.

இன்னொன்றும் சொல்லலாம். அடுத்தடுத்து வரும் எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவை 16க்கு மிகாமல் இருந்தால், அவற்றுள் ஓர் எண்ணேனும் ஏனைய எல்லாவற்றோடும் 1ஐத் தவிர வேறு பொது வகுத்தி இல்லாததாக இருந்தே தீரும். எங்கிருந்து தொடங்கினாலும் இது பொய்க்காது. ஆனால் 17 எண்கள் ஆனதும் இது உடைகிறது. 2184 முதல் 2200 வரை உள்ள பதினேழு எண்களில் அத்தகைய தனித்த எண் ஒன்றும் இல்லை. 16 வரை உண்டு, 17இல் இல்லை என்னும் இந்த எல்லைக்கோட்டைக் கண்டு நிறுவியவரும் அவரே.

அவர் விட்டுச்சென்ற கருதுகோள் ஒன்று இன்றுவரை நிறுவப்படாமல் நிற்கிறது. 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36 என்று எல்லாப் படியெண்களையும் வரிசையாக எழுதுங்கள். அடுத்தடுத்த இரண்டுக்கு இடையேயுள்ள இடைவெளி, போகப் போக எல்லையின்றிப் பெருகும் என்பது அவர் கருத்து. ஒன்று என்னும் இடைவெளி 8க்கும் 9க்கும் இடையே மட்டுமே உண்டு என்பதையே மிகைலெசுகு என்னும் உருமேனியர் 2002ஆம் ஆண்டில்தான் நிறுவ முடிந்தது. ஏனைய இடைவெளிகளைப் பற்றிய முழு நிறுவலுக்கு உலகம் காத்திருக்கிறது. அதை நிறுவப்போகும் பிள்ளை இந்த அவையில் ஏன் இருக்கக்கூடாது?

இத்தகைய அறிஞரை அயல்நாடு அழைத்தது. அமெரிக்காவின் பிரின்சுடன் நகரில் உயராய்வு நிறுவனம் ஒன்று உண்டு. ஐன்சுடைன் பணியாற்றிய இடம் அது. அங்கே ஓராண்டு தங்கி ஆய்வு செய்யுமாறு அவரை அழைத்தனர். அதற்கு முன்னதாக, ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் 1950ஆம் ஆண்டு ஆகசுட்டு 30 முதல் செப்டம்பர் 6 வரை நடந்த உலகக் கணக்கியல் மாநாட்டிலும் அவர் கலந்துகொள்வதாக இருந்தது. அப்போது அவர்க்கு அகவை 49. முன்னர்க் கடல் கடந்து படிக்கும் வாய்ப்பு அவர்க்கு வாய்க்கவில்லை. ஈரோட்டிற் பிறந்து குடந்தையில் வளர்ந்த இராமானுசன் 26ஆம் அகவையில், 1914ஆம் ஆண்டில், கப்பலேறிக் கேம்பிரிட்சு சென்றார். அவரைக் கண்டுகொள்ள ஓர் ஆர்டி வேண்டியிருந்தது. சிவசங்கரநாராயணரோ, தாய்மண்ணில் இருந்தபடியே எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டு, கேட்பதற்காக மட்டுமன்றிக் கொடுப்பதற்காகவும் புறப்பட்டார்.

அவர் சென்ற அமெரிக்க வானூர்தி பம்பாயிலிருந்து கெய்ரோ, உரோம் வழியாக நியூயார்க்கு செல்வது. கெய்ரோவை விட்டு மேலெழுந்த சிறிது நேரத்தில் பொறி ஒன்று தீப்பற்றியது. 1950ஆம் ஆண்டு ஆகசுட்டு 31ஆம் நாள் அது எகிப்து மண்ணில் வீழ்ந்தது. அதில் இருந்த 55 பேரும் மாண்டனர். சண்டிகர் நகரைத் திட்டமிட்டு வரைந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த போலந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் நொவிக்கியும் அவருள் ஒருவர். நைல் ஆற்றங்கரை நாட்டில் வல்லத்துத் தமிழரின் உடல் வீழ்ந்தது. ஆர்வர்டில் மாநாடு நடந்துகொண்டிருந்தது. வர வேண்டியவர் வரவில்லை. பிரின்சுடனில் அவர் என்ன செய்திருப்பார், எந்தக் கதவைத் திறந்திருப்பார் என்பது எவருக்கும் தெரியாமலே போயிற்று.

இனி, இதிலிருந்து தமிழ் இளைஞர் கற்க வேண்டியது என்ன என்பதை எண்ணிப் பார்ப்போம்.

இன்று இந்தத் தென்காசி மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்தும் பிள்ளைகள் கடல் கடந்து கற்கச் செல்கிறார்கள். கடவுச்சீட்டு, நுழைவிசைவு, உதவித்தொகை, தங்குவிடுதி என்று எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். நிலத்தை ஒற்றி வைத்தும் நகையை அடகு வைத்தும் பெற்றோர் அனுப்புகிறார்கள். போகட்டும், போக வேண்டும். தமிழன் கடலுக்கு அஞ்சியவன் அல்லன். கடலைத் தாண்டினால் தீட்டு என்பது தமிழர் மரபும் அன்று. கொற்கையிலும் புகாரிலும் கலஞ்செலுத்திய இனத்துக்கு அப்படி ஒரு மரபு எங்கிருந்து வரும்? ஆகவே, போகாதே என்பது இப்பொழிவின் கருத்தன்று.

ஆனால், அயல்நாடு போனால்தான் அறிவு வரும் என்னும் அடிமை எண்ணம் ஒன்று நம் வீடுகளில் புகுந்துவிட்டது. அந்த எண்ணத்தை அண்ணாமலைநகரத்து அறை உடைத்தெறிகிறது. அறிவின் ஊற்று உழைப்பில் இருக்கிறது. அயல்நாடு அதற்குக் கருவி தரலாம், நூலகம் தரலாம், உடன் சிந்திக்கும் தோழரைத் தரலாம். ஊற்றை அது தராது. ஊற்றை உள்ளே வைத்துக்கொண்டு போகிறவனுக்கு ஒரு பருவப் படிப்பும் பெரும்பயன் தரும். அது இல்லாமற் போகிறவனுக்குப் பத்தாண்டும் பட்டம் ஒன்றையே தரும்.

அடுத்து, மொழி. இங்கே சற்றுக் கசப்பான உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சிவசங்கரநாராயணர் தம் ஆய்வுகளை ஆங்கிலத்தில் எழுதினார். அந்நாளில் உலகத்தாரோடு பேச அவர்க்கு வேறு வழி இருக்கவில்லை. அதில் அவரைக் குறை கூற எவர்க்கும் உரிமையில்லை. குறை அவர்க்குப் பின் வந்த தமிழ்க் குமுகாயத்தினுடையது. அவருடைய ஆய்வுகள் முழுமையும் திரட்டப்பெற்று 2010ஆம் ஆண்டில் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன, அவையும் ஆங்கிலத்திலேயே. அவர் படித்த இலஞ்சியில், அவர் கண்டதைத் தமிழில் படிக்க விரும்பும் ஒரு சிறுமியின் கையில் எந்த நூலைக் கொடுப்பது? 703க்கு 73 வேண்டும் என்பதைத் தமிழில் சொல்ல எத்தனை வரி ஆயிற்று? இங்கே இருந்த தாய்மார்கள் தலையசைத்துக் கேட்டார்கள். உயர்கணக்கைத் தமிழில் சொல்ல முடியாது என்பார் யாராயினும் அவர் தமிழும் அறியார், கணக்கும் அறியார்.

தமிழுக்குக் கணக்குப் புதிதா? முந்நூற்றிருபதில் ஒரு பங்குக்கு முந்திரி என்றும், எண்பதில் ஒரு பங்குக்குக் காணி என்றும், இருபதில் ஒரு பங்குக்கு மா என்றும் பெயர் வைத்துத் திண்ணைப் பள்ளியில் சின்னஞ்சிறு பிள்ளைகளை ஒப்பிக்கச் செய்த இனம் இது. காரி நாயனாரின் கணக்கதிகாரம் நிலத்தையும் நெல்லையும் பொன்னையும் அளக்கும் முறைகளைப் பாட்டாகவே சொல்லிவைத்தது. எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாக வைத்தவர் வள்ளுவர். ஒரு கண்ணை அயலானிடம் ஒப்படைத்துவிட்டு மற்றொரு கண்ணால் மட்டும் இலக்கியம் படித்துக்கொண்டிருப்பது தமிழ்ப்பற்று ஆகாது. தமிழ்ப்பற்று உடையோரும் இதை எண்ண வேண்டும். தூய சொற்களைப் பேசுவதோடு பணி முடிவதில்லை. அச்சொற்களில் அறிவு நிரம்ப வேண்டும். அறிவு நிரம்பாத சொல், நெல் நிரம்பாத குதிர். சப்பானியர் தம் பல்கலைக்கழகங்களில் தம் மொழியிலேயே உயர்கணக்கைக் கற்பிக்கிறார்கள். அவர்களும் கடல் கடந்து சென்று கற்றவர்களே. கற்றதைத் தம் மொழியில் இறக்கி வைத்தார்கள். அதனால் அது அவர்கள் மண்ணில் வேரூன்றியது.

ஆகவே, செய்ய வேண்டியவை மூன்று.

ஒன்று: ஏப்பிரல் 5ஆம் நாளை இவ்வட்டாரத்துப் பள்ளிகள் எண்ணறிவு நாளாகக் கொண்டாட வேண்டும். மாலையும் மேடையும் மட்டும் போதா. அன்று மாணவர்க்குத் தமிழில் கணக்குப் போட்டி நடக்க வேண்டும். வெல்பவர் பணக்கார வீட்டுப் பிள்ளையா, கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையா என்று பாராமல், மேற்படிப்புக்கு ஊரார் பொருள் திரட்டித் தர வேண்டும். அன்று ஓர் ஆசிரியர் நீட்டிய கையை இன்று ஓர் ஊர் நீட்ட வேண்டும்.

இரண்டு: அவர் ஆய்வுகளைப் பள்ளி மாணவர் விளங்கிக்கொள்ளுமாறு எடுத்துரைக்கும் தமிழ் நூல் ஒன்று வெளிவர வேண்டும். கணக்காசிரியர் ஒருவரும் தமிழாசிரியர் ஒருவரும் ஓராண்டு சேர்ந்து அமர்ந்தால் அது முடியும். கணக்காசிரியர் பொருளைத் தரட்டும். தமிழாசிரியர் சொல்லைத் தரட்டும்.

மூன்று: கடல் கடந்து செல்லும் பிள்ளைகளுக்கு உரியது. செல்லுமுன், தாம் கற்கப்போகும் துறையின் அடிப்படையைத் தமிழில் பத்துப் பக்கம் எழுதிப் பாருங்கள். எழுத வராத இடம் எதுவோ, அதுவே உங்களுக்கு விளங்காத இடம். அங்கே இருக்கும்போது வீட்டுக்குத் தமிழில் எழுதுங்கள். குளிரையும் உணவையும் பற்றி மட்டும் எழுதாமல், அன்று வகுப்பில் கற்றதைப் பற்றியும் எழுதுங்கள். உங்கள் அன்னைக்கு விளங்கும்படி எழுத முடிந்தால், நீங்கள் கற்றது உங்களுடையது. திரும்பி வரும்போது, படித்த பள்ளிக்கு ஒருநாள் வந்து தமிழில் ஒரு பொழிவு செய்யுங்கள். திரும்பி வராமல் அங்கேயே வாழ நேர்ந்தாலும், தமிழில் ஒரு கட்டுரையேனும் அனுப்புங்கள். ஊரார் பெற்று வளர்த்த கடன் அது.

சிவசங்கரநாராயணர்க்குத் திரும்பி வரும் வாய்ப்பு அமையவில்லை. பிரின்சுடனில் ஓராண்டு கழித்து அவர் திரும்பியிருந்தால், தாம் கண்டதையெல்லாம் இம்மண்ணின் மாணவர்க்கு நேரில் சொல்லியிருக்கலாம். அந்த வாய்ப்பை எகிப்து மண் விழுங்கிவிட்டது. ஆனால் அவர் எழுதிவைத்தவை அழியவில்லை. 73 அழியவில்லை, 16க்கும் 17க்கும் இடையே அவர் கிழித்த கோடு அழியவில்லை, நிறுவலுக்குக் காத்திருக்கும் அந்தக் கருதுகோளும் அழியவில்லை. அவற்றைத் தமிழிற் கொண்டுவந்து இலஞ்சிப் பிள்ளைகளின் கையில் வைக்கும் நாளே, 1950ஆம் ஆண்டில் புறப்பட்டவர் தம் ஊர் வந்து சேரும் நாள். அந்நாளை விரைந்து கொணர்வோம்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழறிவு! வெல்க தமிழினம்!